வாசகர் கேள்வி–பதில்: சத்தம் சொல்லும் வேகம்

கே: எங்கள் குழுவில் ஒருவர், தன்னுடைய மின்மோட்டார் ஆர்.சி. விமானம் (தரையிலிருந்து ரேடியோவால் இயக்கும் சிறு விமானம்) நேர்மட்டத்தில் மணிக்கு 320 கி.மீ. வேகத்தில் போகிறது என்று அடித்துச் சொல்கிறார். அளந்து பார்க்க எங்களிடம் ரேடார் கன் கிடையாது. விமானம் கடந்து போகும் சத்தத்தைப் பதிவு செய்தாலே வேகம் தெரிந்துவிடும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா ஐயா? செல்போன் போதுமா?

ப: உண்மைதான். செல்போனும் போதும். மற்ற வழிகளைவிட இதன்மேல் எனக்குப் பிரியம் அதிகம். விமானத்தில் எதையும் கட்டி ஏற்ற வேண்டாம். அது தானாகப் போடும் சத்தமே சாட்சி சொல்லிவிடும்.

100 மீட்டர் இடைவெளியில் இரண்டு கொடி நட்டு ஸ்டாப்வாட்சில் நேரம் எடுப்பது பழைய வழக்கம். 250 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் அந்த 100 மீட்டரை 1.4 வினாடியில் தாண்டிவிடும். பொத்தானை அழுத்தும் விரல் 0.2 வினாடி முன்பின் ஆனால் கணக்கில் 35 கி.மீ. தவறு விழும். சத்தத்தை வைத்து அளந்தால் விரலுக்கு வேலையே இல்லை.

நம்மை நோக்கி வரும்போது கீச்சென்று இருக்கும் சத்தம், தாண்டிய மாத்திரத்தில் சரிந்து கனத்துவிடுகிறதல்லவா? இதற்கு 1842-இல் கணக்குச் சொன்னவர் கிறிஸ்டியான் டாப்ளர். அவர் விளக்க முயன்றது நட்சத்திரங்களின் நிறத்தை. கணக்கு என்னவோ நம் விமானத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது.

ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்ப்போம். இரண்டு பிளேடு உள்ள ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 21,600 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது வினாடிக்கு 360 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பிளேடும் ஒரு முறை காற்றை அறைவதால் வினாடிக்கு 720 அறை, 720 ஹெர்ட்ஸ். வெப்பநிலை 30 டிகிரி என்றால் ஒலி வினாடிக்கு 349.5 மீட்டர் போகும். விமானம் நகராமல் நின்றால் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே காற்றில் 48.5 செ.மீ. இடைவெளி இருக்கும். ஆனால் விமானம் வினாடிக்கு 69.9 மீட்டர் பறக்கிறது. அடுத்த அறை கொடுப்பதற்குள் 9.7 செ.மீ. முன்னே போய்விடுகிறது. அதனால் முன்பக்க இடைவெளி 38.8 செ.மீ. ஆகச் சுருங்குகிறது, பின்பக்கம் 58.2 செ.மீ. ஆக நீள்கிறது. வரும்போது நம் காதில் விழுவது 900 ஹெர்ட்ஸ்; போகும்போது 600.

இதையே திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டிய சூத்திரம் கிடைத்துவிடும்:

வேகம் = ஒலியின் வேகம் × (வரும் அதிர்வெண் − போகும் அதிர்வெண்) ÷ (வரும் அதிர்வெண் + போகும் அதிர்வெண்)

900-இலிருந்து 600-ஐக் கழித்தால் 300, கூட்டினால் 1,500. வகுத்தால் 0.2. அதை 349.5-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 69.9 மீட்டர், மணிக்கு 252 கி.மீ.

சூத்திரத்தில் 720 எங்கேயாவது வருகிறதா பாருங்கள். வரவே இல்லை. மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றியது, ப்ரொப்புக்கு எத்தனை பிளேடு, எதுவுமே தெரிய வேண்டாம். இரண்டு சுருதிக்கும் உள்ள விகிதம் மட்டும் போதும். உங்கள் செல்போனின் பதிவு வேகம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும்கூடக் கவலையில்லை. இரண்டும் ஒரே அளவில் பிசகும், விகிதம் மாறாது.

உங்கள் நண்பர் சொல்லும் 320 சரியென்றால், வரும் சுருதி போகும் சுருதியைப்போல 1.68 மடங்கு இருக்க வேண்டும். நல்ல பதிவு ஒன்று இருந்தால் விவகாரம் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

கே: நானும் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (நேரம் போகப்போக அதிர்வெண் எப்படி மாறுகிறது என்று காட்டும் படம்) போட்டுப் பார்த்தேன். ஒரு கோடு தெரியும் என்று நினைத்தால் ஏழெட்டுக் கோடு தெரிகிறது. ஒவ்வொரு முறையும் வேகம் வேறு வேறாக வருகிறது. எந்தக் கோட்டை எடுப்பது, போனை எங்கே வைப்பது?

ப: நீங்கள் பார்த்தது சரியான படம்தான். ப்ரொப்பின் சத்தம் தனிச்சுரமாக வராது. 720 ஹெர்ட்ஸோடு அதன் இரு மடங்கு 1,440, மூன்று மடங்கு 2,160 என்று அடுக்கடுக்காக வரும். பிளேடுகள் இரண்டும் ஒன்றுபோல் இல்லையென்றால் பாதி அதிர்வெண்ணான 360-இலும் மங்கலாக ஒன்று தலைகாட்டும். எரிபொருளில் ஓடும் க்ளோ இன்ஜினாக இருந்தால் சைலன்சர் வழியாக வரும் வெடிப்புச் சத்தமும் கூடவே கோடு போடும். படத்தின் அடியில், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே புகைமூட்டம் மாதிரி கிடப்பது மைக்கில் காற்று உரசும் இரைச்சல். அதை விட்டுவிடுங்கள்.

கோடுகளைக் கவனமாகப் பாருங்கள். இடப்பக்கம் கிட்டத்தட்டப் படுக்கையாக வரும்; நடுவில் எல்லாம் ஒரே நேரத்தில் சரியும்; வலப்பக்கம் மறுபடி படுக்கையாகும். மேல்கோடு அதிக உயரம் சரியும், அடிக்கோடு குறைவாகச் சரியும். முதல் கோடு 900-இலிருந்து 600-க்கு இறங்கும் நேரத்தில் மூன்றாவது கோடு 2,700-இலிருந்து 1,800-க்கு இறங்கியிருக்கும். ஏதாவது ஒரு கோட்டை இடது ஓரத்தில் பிடித்து, சரிவு வழியே விரலை வைத்துக்கொண்டே போய், வலது ஓரத்தில் எங்கே முடிகிறது என்று பாருங்கள். இடப்பக்கம் மூன்றாவது கோட்டையும் வலப்பக்கம் இரண்டாவது கோட்டையும் எடுத்துவிட்டால் வரும் விடைக்கு அர்த்தமே இருக்காது. உங்களுக்கு முறைக்கு முறை விடை மாறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

தெளிவாகத் தெரிகிற கோடுகளில் மேலே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வினாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்து குறித்த புள்ளி) உள்ள பதிவை 4,096 சாம்பிள் அகலத்தில் அலசினால் அதிர்வெண் ஏறக்குறைய 11 ஹெர்ட்ஸ் படிகளாகத்தான் கிடைக்கும். முதல் கோட்டில் இரண்டு பக்கமும் 5 ஹெர்ட்ஸ் பிசகினால் வேகத்தில் 8 கி.மீ. வரை தவறு வரும். மூன்றாவது கோட்டில் அதே 5 ஹெர்ட்ஸ் பிசகு 3 கி.மீ.க்குள் அடங்கிவிடும்.

அடுத்தது இடம். போனுக்காக ஆள் பாதைக்கடியில் போய் நிற்கவே கூடாது. 250 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் யார்மேலாவது மோதினால் உயிருக்கே ஆபத்து. போனை மட்டும் பறக்கும் பாதைக்கு நேர் கீழே வைத்துவிட்டு, பதிவை ஓடவிட்டு, எல்லோரும் பாதுகாப்புக் கோட்டுக்குப் பின்னால் வந்துவிடுங்கள். ஒரு ப்ளைவுட் பலகையைத் தரையில் படுக்கப்போட்டு அதன்மேல் போனைப் படுக்க வைப்பது என் வழக்கம். போனை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினால் நேராக வரும் ஒலியும் தரையில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று வெட்டி, படத்தில் கோடுகளுக்குக் குறுக்கே கருப்புப் பட்டைகளாக விழும். கோடு அங்கங்கே அறுந்து தெரியும். பலகையில் படுத்திருக்கும் போனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஏன் நேர் கீழே? விமானம் உங்களை நோக்கி வரும் வேகம்தான் சுருதியை மாற்றுகிறது, பக்கவாட்டில் போகும் வேகம் அல்ல. 10 மீட்டர் உயரத்தில் பறந்தால், போனுக்கு 50 மீட்டர் முன்னே இருக்கும்போதே சத்தத்தில் 98 சதவீத வேகம் தெரிந்துவிடும். நீங்கள் பாதையிலிருந்து 40 மீட்டர் தள்ளி நின்று பதிவு செய்தால், அதே 50 மீட்டரில் 78 சதவீதம்தான் தெரியும். 98 வேண்டுமென்றால் 200 மீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே சத்தத்தைப் பிடிக்க வேண்டும், அதற்குள் சத்தம் மெலிந்துபோகும். எனவே சரிவுக்கு வெகு அருகில் எண்ணைப் படிக்காதீர்கள். கோடு படுக்கையான இடத்தில், இரண்டு பக்கமும் சரிவிலிருந்து ஒரே தூரத்தில் படியுங்கள். கோணத்தால் வரும் பிழை எப்போதும் வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது.

இடப்பக்கக் கோடு படுக்கையாக இல்லாமல் மேல்நோக்கி ஏறிக்கொண்டே வந்தால் விமானி டைவ் அடித்து வந்திருக்கிறார் என்று பொருள். டைவில் ப்ரொப்பின் சுமை குறைந்து சுற்று கூடும், மேலே இழுக்கும்போது குறையும். நம் கணக்கு முழுவதும் 'சுற்று மாறவில்லை' என்ற ஒரே தூணில் நிற்கிறது. வருவதற்கும் போவதற்கும் இடையில் சுற்று வெறும் 1 சதவீதம் குறைந்தால்கூட, நம் உதாரணத்தில் 6 கி.மீ. பொய்யாகக் கூடிவிடும். த்ராட்டிலை (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டை) தொடாமல், வெகு தூரத்திலிருந்தே நேர்மட்டத்துக்கு வந்து, வேகம் நிலைத்தபின் கடக்கச் சொல்லுங்கள். டைவ் அடித்துப் பெற்ற எண்ணை 'என் விமானத்தின் வேகம்' என்று சொல்லிக்கொள்வதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

கே: தரையில், சுற்றை எண்ணும் டேக்கோமீட்டரில் 19,800 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) காட்டியது. பறக்கும்போது ஒலிப்பதிவிலிருந்து கணக்குப் போட்டால் 22,500 வருகிறது. இவ்வளவு ஏறுமா?

ப: ஏறும், ஆனால் அவ்வளவு ஏறியிருக்காது. உங்கள் பதிவிலும் 900, 600 என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 750 என்று எடுத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அது சரியல்ல. இரண்டையும் பெருக்கி, இரட்டிப்பாக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 900 × 600 × 2 ÷ 1,500 = 720. இரண்டு பிளேடு என்பதால் வினாடிக்கு 360 சுற்று, நிமிடத்துக்கு 21,600. தரையில் நிற்கும்போது ப்ரொப் முழுச் சுமையையும் இழுக்கிறது. பறக்கும்போது எதிர்க்காற்று உள்ளே பாய்ந்து சுமை தணிவதால் சுற்று இப்படி ஏறுவது இயல்பு.

இந்த எண் கையில் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். முதல் கேள்விக்காரரும் கவனிக்க. ப்ரொப்பின்மேல் இரண்டாவதாக அச்சிட்டிருக்கும் எண் பிட்ச்: வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. 8 அங்குலம் என்றால் 20.3 செ.மீ. வினாடிக்கு 360 சுற்றுக்கு 73 மீட்டர், மணிக்கு 263 கி.மீ. சத்தம் 252 என்கிறது, ப்ரொப் 263 என்கிறது, இரண்டும் ஒத்துப்போகின்றன. இதே ப்ரொப்பை வைத்துக்கொண்டு 320 போக வேண்டுமானால் 26,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் சுற்ற வேண்டும். அச்சிட்ட பிட்ச் அங்குலச் சுத்தமாக இருக்காது, கொஞ்சம் முன்பின் இருக்கும். அதற்காக நேர்மட்டப் பறப்பில் 60 கி.மீ. இனாமாக வராது.

கே: காற்று வீசினால் சத்தத்தையும் அடித்துக்கொண்டு போகுமே, கணக்கு கெட்டுப்போகாதா?

ப: கெடாது. இந்த முறையில் வருவது தரையைப் பொறுத்த வேகம். காற்று ஒலியைத் தள்ளுவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். 250 கி.மீ. விமானத்துக்கு 20 கி.மீ. காற்றில் வரும் பிசகு 1 கி.மீ. கூட இல்லை.

ஆனால் காற்றோடு போனால் 269 காட்டும், எதிர்த்து வந்தால் 231 காட்டும். 269-ஐ மட்டும் ஊரெல்லாம் சொல்வதுதான் தவறு. அதே பாதையில் இரண்டு திசையிலும் பறக்கவிட்டு, இரண்டு வேகத்தின் சராசரியைச் சொல்லுங்கள்: 250.

வெப்பநிலையையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒலியின் வேகம் 0 டிகிரியில் வினாடிக்கு 331.3 மீட்டர்; ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். 30 டிகிரி நாளில் 20 டிகிரிக்கான எண்ணைப் போட்டால் 252 என்பது 247 ஆகிவிடும். ஈரப்பதத்தால் ஒலி மிகச் சிறிதளவே வேகமாகும், ஒரு சதவீதத்துக்கும் குறைவு. காற்றழுத்தத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கே: விமானத்தில் வைத்த சின்ன ஜி.பி.எஸ். 238 காட்டியது, சத்தம் 252 காட்டியது. எதை நம்ப?

ப: உங்கள் ஜி.பி.எஸ். வினாடிக்கு ஒரு முறை மட்டும் குறிப்பதா என்று பாருங்கள். ஒரு குறிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே விமானம் 70 மீட்டர் போய்விடுகிறது. போனுக்கு மேலே இருந்த அந்தக் கணத்தை அது பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. வினாடிக்கு 5 அல்லது 10 முறை குறிக்கும் கருவி என்றால் இரண்டும் நெருங்கி வரும். அப்படியும் வரவில்லையென்றால் இரண்டும் ஒரே கடப்பைத்தான் அளந்தனவா என்று நேரத்தை ஒத்துப் பாருங்கள்.

கே: நான் இசை சொல்லிக்கொடுப்பவள். என் மகன் விமானம் விடும்போது கூடப் போவேன். அது கடக்கும்போது பஞ்சமத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்குவதுபோல் எனக்குக் கேட்கிறது. வெறும் காதால் வேகம் சொல்ல முடியுமா?

ப: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் அம்மா. முடியும், அழகாகவே முடியும்! பஞ்சமத்துக்கும் சட்ஜத்துக்கும் விகிதம் 3-க்கு 2. நம் உதாரணத்தின் 900-க்கு 600-ம் அதேதான். உங்கள் மகனின் விமானம் ஏறக்குறைய 250 கி.மீ. வேகத்தில் போகிறது.

சுரங்களின் விகிதத்தை அப்படியே சூத்திரத்தில் போட்டால் கணக்கு மனத்திலேயே முடிந்துவிடும். 3-க்கு 2 என்றால் கழித்தால் 1, கூட்டினால் 5. ஒலியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சுத்த மத்யமத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கினால் 4-க்கு 3, ஏழில் ஒரு பங்கு: 180 கி.மீ. அந்தர காந்தாரத்திலிருந்து என்றால் 5-க்கு 4, ஒன்பதில் ஒரு பங்கு: 140. சதுஸ்ருதி ரிஷபம் 9-க்கு 8, பதினேழில் ஒன்று: 74. பயிற்சி விமானங்கள் இந்த ரிஷபத்தின் பக்கம்தான் இருக்கும். முதல் கேள்விக்காரரின் நண்பர் சொல்லும் 320-க்குச் சதுஸ்ருதி தைவதத்திலிருந்து சட்ஜத்துக்கே இறங்க வேண்டும்: 5-க்கு 3, நான்கில் ஒரு பங்கு, 315 கி.மீ. இவையெல்லாம் 30 டிகிரி வெப்பத்துக்கான எண்கள். அரைச் சுரம் பிசகினால் பஞ்சமத்தின் அருகில் 35 கி.மீ. தவறும் என்பதால், காதால் மதிப்பிட்டுப் பதிவால் உறுதி செய்வதே முறை.

உங்களுக்கு முன்னோடிகளும் உண்டு. டாப்ளரின் கணக்கை 1845-இல் ஹாலந்தில் பாய்ஸ் பாலட் என்ற அறிஞர் சோதித்தார். அன்றைக்கு ஒலிப்பதிவுக் கருவி ஏது? ரயிலில் ஊதுகுழல் கலைஞர்களை ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் செய்து, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சுருதி ஞானமுள்ள இசைக்கலைஞர்களை நிறுத்தி எவ்வளவு இறங்குகிறது என்று சொல்லச் சொன்னார். டாப்ளரின் கணக்குச் சரி என்று முதலில் காட்டியவை இசைக்காதுகள்தான்.

2017-இல் ஜெர்மனியில் ஓர் ஆர்.சி. ஜெட் விமானம் மணிக்கு 749 கி.மீ. தொட்டது. அவ்வளவு வேகத்தில் விகிதம் ஏறக்குறைய 4-க்கு 1 ஆகிவிடும். கடந்து போன அந்தச் சத்தம் கிட்டத்தட்ட இரண்டு ஸ்தாயி இறங்கியிருக்கும்! நேரில் கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு இன்றும் ஏக்கம்தான்.

கே: நான் பதினொன்றாம் வகுப்பு மாணவன். என்னிடம் இருப்பது மோட்டார் இல்லாத க்ளைடர். வேகமாக இறங்கும்போது அதுவும் விசில் அடிக்கிறது. அந்த விசிலை வைத்து அளக்கலாமா?

ப: வேண்டாம் தம்பி. அந்த விசில் ஏதாவது இடுக்கிலோ ஓரத்திலோ காற்று உரசிப் பிறப்பது. க்ளைடரின் வேகம் கொஞ்சம் மாறினாலும் விசிலின் சொந்தச் சுருதியே மாறிவிடும். வரும்போது ஒன்று, போகும்போது வேறொன்று. சுருதி மாறாத மூலம் இல்லையென்றால் சூத்திரம் நிற்காது. மலைச்சரிவுக் காற்றில் 800 கி.மீ.க்கு மேல் க்ளைடர் பறக்கவிடுகிறவர்கள் ரேடார் கன் வைத்துக்கொள்கிறார்கள்.

உனக்கு ஒரு வழி சொல்கிறேன். தொலைந்த விமானத்தைத் தேடுவதற்கென்று விற்கும் சின்ன பஸ்ஸர் ஒன்றைக் க்ளைடரின் வயிற்றுப்பக்கம், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி டேப் போட்டு ஒட்டு. விட்டுவிட்டு அடிக்காமல் தொடர்ந்து ஒலிக்கிற வகையாகப் பார்த்து வாங்கு. ப்ரொப்பைப்போல ஏழெட்டுக் கோடு வந்து குழப்பாது, ஸ்பெக்ட்ரோகிராமில் மெல்லிய கோடு ஒன்று பளிச்சென்று தெரியும். ஒட்டுவதற்கு முன் தரையில் வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்து, கோடு ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். சில பஸ்ஸர்கள் பேட்டரி இறங்க இறங்கச் சுருதியும் இறங்கும். அதனால் புது பேட்டரி போடு. பஸ்ஸரின் எடையால் க்ளைடரின் ஈர்ப்பு மையம் நகர்ந்துவிடும், அதைச் சரிசெய்துவிட்டுப் பறக்கவிடு. எத்தனை கி.மீ. வந்தது என்று, அன்றைய வெப்பநிலையோடும் இரண்டு திசை எண்களோடும் எனக்கு எழுது.